கழுதைப்புலிக்குக் கண்ணாடி போட்ட கதை

நேற்று எங்கள் பாலர் பாடசாலையில் ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு தரம் உறிஞ்சி மோந்தாள். முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு, "சீ! வெங்காயம்! கழுவிட்டு வா!" என்றாள். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலையில் சம்பலுக்கு வெங்காயம் வெட்டிய கைதான், அவள் பொய் சொல்லவில்லை. வேறொரு டீச்சராக இருந்தால் மரியாதை பற்றி ஒரு பாடம் நடத்தியிருப்பார். எனக்கோ வயிறு குளிர்ந்துவிட்டது. அந்த மோப்பமும் அந்தச் சுளிப்பும் நான் எழுதிக் கொடுத்தவை.

ஆபிரிக்கச் சிறுவர் கதைப் புத்தகங்கள் இப்போது போனிலேயே கிடைக்கின்றன. பக்கத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே ஒரு வரி. எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளைகளுக்கென்றே செய்தவை. நான் அவற்றைத் தமிழாக்கி, புத்தளத்துக்குப் போகும்போது அச்செடுத்து வந்து, நடுவில் ஊசிநூல் போட்டுத் தைத்துக்கொள்கிறேன். என் ஆங்கிலம் அகராதியைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கும் ஆங்கிலம். ஆனால் அந்தக் கதைகளில் வரும் உலகம் எனக்கு அகராதி இல்லாமலே விளங்கும். தண்ணீருக்கு வரிசை, ஓலைக்கூரை, ஆடு, மணல், வெயில். கற்பிட்டியில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

அதில் ஒரு கதை கழுதைப்புலியைப் பற்றியது. மற்ற மிருகங்களைக் குளத்தில் தண்ணீர் குடிக்க விடாமல் மறித்துக்கொண்டு நிற்கும் கழுதைப்புலி. மூலத்தில் அது சும்மா உறுமும், அவ்வளவுதான். தமிழில் அது ஒவ்வொரு மிருகத்தின் கையையும் வாங்கி மோந்து பார்க்கும். படத்தில் அதற்கு மூக்குக்கண்ணாடி இல்லை. கறுப்புப் பேனா எடுத்து ஒவ்வொரு பிரதியிலும் நானே வரைந்துவிட்டேன். சட்டைப் பை ஒன்றும் வரைந்து அதில் இரண்டு பேனாவும் செருகினேன். மொழிபெயர்க்கிறவர்கள் இப்படியெல்லாம் செய்யக் கூடாதாம். செய்தேன், இன்னும் செய்வேன்.

அந்தக் கண்ணாடிக்குச் சொந்தக்காரரை நாங்கள் அலுமாரி மாஸ்டர் என்று கூப்பிடுவோம், அவர் காதில் விழாமல்.

நாங்கள் யுத்த காலத்தில், முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். உடுத்த உடுப்போடு வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கி, தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில் இருந்தோம். நான் அப்போது கைப்பிள்ளை. விவரம் தெரிந்த நாளிலிருந்து என் ஊர் அகதிக் காம்ப்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் ஊர்ப்பிள்ளைகள் படிப்பார்கள், அவர்கள் போன பிறகு பின்னேரம் நாங்கள். உட்காரும் அதே வாங்கு, அதே கரும்பலகை, ஆனால் சோக்குக்கட்டி மட்டும் அதே இல்லை, அதை அவர்கள் தீர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். காலையில் எங்களுக்குப் பள்ளி இல்லாததால் உம்மாமாரோடு வெங்காயத் தோட்டங்களுக்குப் போவோம், தாள் நறுக்க. குந்தியிருந்து குவியல் குவியலாக நறுக்கி, அப்படியே ஓடிவந்து பௌசர் வண்டித் தண்ணீரில் முகம் கழுவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு. வெங்காய மணம் கையோடு வரும். சோறு தின்னும்போதும் மணக்கும், நித்திரையிலும் மணக்கும். வெங்காயம் அப்படி ஒரு விசுவாசமான சாமான்.

ஒரு நாள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று காம்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி புத்தகம் கொண்டுவந்தது. எல்லாம் ஆபிரிக்கப் புத்தகங்கள். ஆங்கில வரிகளுக்கு மேலே தமிழ் அச்சடித்த துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். வந்த வெள்ளைக்கார அம்மா ஒன்றை விரித்துக் காட்டினார். பெரிய பெரிய எழுத்து. பாடப்புத்தகத்து எழுத்து எறும்பென்றால் இது நண்டு. பக்கம் முழுவதும் ஒரேயொரு வரி. "இது என் வீடு." ஓலைக்கூரையும் மண்சுவருமாக ஒரு வீடு. என் பக்கத்தில் இருந்த ரினூசா என் தொடையில் கிள்ளி, "புள்ள, இது எங்கட கொட்டில்தானே, ஆர் போட்டோ புடிச்ச?" என்றாள்.

ரினூசா பக்கத்துக் கொட்டில்காரி. அவளுக்கு வாப்பா இல்லை. எனக்கு வாப்பா இருந்தார், கடையில் பாண் சுற்றித் தரும் பேப்பரில் எழுத்தைக் காட்டி வாசிக்கச் சொல்வார். அதனால் நான் ஒருமாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். ரினூசாவுக்கு எழுத்து பிடிபடவில்லை. மண்டையில்லாதவள் என்று நினைக்காதீர்கள், எங்கள் எல்லாரையும் சேர்த்து விற்றுவிடக் கூடியவள். பாடப்புத்தகத்தைக் கண்டால்தான் அவள் கண் வேறெங்கோ போகும். அன்றைக்கு அந்த ஒற்றை வரியை வெள்ளைக்கார அம்மாவின் விரலோடு போய் "வீ…டு" என்று அவளே வாசித்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். ஒரு புத்தகம், ஒரேயொரு புத்தகம் அவள் கைக்குப் போயிருந்தால் அவள் வாசிக்கப் பழகியிருப்பாள். இதை நான் அல்லாஹ்வின் முன்னாலும் சொல்வேன்.

வாகனம் போன தூசி அடங்கவில்லை, காலைப் பள்ளியின் மாஸ்டர், அந்தக் கண்ணாடிக்காரர்தான், பெட்டியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில் வைத்துப் பூட்டினார். திறப்பு அவர் இடுப்பில். அதிகாரிமார் வந்தால் காட்டுவதற்கு அட்டைகளை வெளியே பார்க்க நிறுத்தி அடுக்கியிருந்தார். பின்னேரமும் அவர் போகமாட்டார், நாங்கள் போய்க் கேட்டால் வரிசையில் நிற்கச் சொல்வார். ஒவ்வொரு கையாக வாங்கி மூக்கருகே கொண்டுபோவார். "சீ! வெங்காயம்! கழுவிட்டு வா!" கழுவிவிட்டு வருவோம். "இன்னும் மணக்குது." மணலில் தேய்த்தோம், சாம்பலில் தேய்த்தோம், தேசிக்காய் மரத்து இலையைக் கசக்கிப் பூசினோம். ஒருத்தன் வீட்டிலிருந்த பற்பசையைப் பூசி வந்தான், அவனுக்குக் களவுக்காக அடியும் கிடைத்தது. வெங்காயம் போகவில்லை. காலையில் படித்த ஊர்ப்பிள்ளைகளின் கைகள் மணத்தனவா என்று கேட்காதீர்கள். அவர்களுக்கும் அவர் கொடுக்கவில்லை. அவர்களை மோந்து பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

ஆகவே நாங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று அட்டைகளைப் பார்ப்போம். கம்பியில் கார் செய்யும் பொடியன். பானைக்குள் தலையை விட்ட கோழி. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் இருக்கும் ஒரு பெண்பிள்ளை. ரினூசா அட்டையைப் பார்த்துக் கதை சொல்லுவாள். என்ன கதை தெரியுமா! கூரைமேல் இருக்கிறவளின் பெயர் முதற்கொண்டு சொல்லுவாள். அவள் ஏன் ஏறினாள், கீழே நின்று கூப்பிடுகிறது யார், ஆட்டுக்குட்டி அவள் காதில் சொன்ன இரகசியம் என்ன, எல்லாம் வரும். இடைவேளையில் தொடங்கி, மணி அடிக்க நிறுத்தி, காம்புக்குத் திரும்பும் வழியில் முடிப்பாள். கண்ணாடியில் எங்கள் மூச்சுப் பட்டுப் புகைமூட்டம் பிடிக்கும். மறுநாள் அதற்கும் ஏச்சு.

பிறகு ரினூசா ஒரு முடிவெடுத்தாள். சில நாட்கள் தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றுகொண்டாள். அவளுடைய உம்மா கிடுகு மட்டையால் அடித்தார், கெஞ்சினார், மறுபடியும் அடித்தார். அசையவில்லை. கையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள், சோறு இடதுகையால் தின்றாள், அதற்கும் ஒரு அடி. வெள்ளிக்கு முந்தின நாள் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்று கையை நீட்டினாள். மாஸ்டர் மோந்தார். திருப்பி மோந்தார். ஒன்றும் இல்லை. நாங்கள் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தோம். அவர் அவள் கையை விட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கில் சரிசெய்து, "நகத்தப் பாரு, ஊத்த. போ" என்றார்.

அவள் அழவில்லை. வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவேயில்லை.

எனக்குக் கோபம் ஊறுகாய் மாதிரி, வருசம் போகப் போக ருசி கூடும். நோன்பு பிடித்துக்கொண்டும் அந்த மனிதரைத் திட்டியிருக்கிறேன். பிறகு தவ்பா செய்து பாவமன்னிப்புக் கேட்பேன். தவ்பா செய்த வாயாலேயே மறுபடி திட்டுவேன். நான் டீச்சரானதே பாதி அவர்மேல் உள்ள வஞ்சத்தில்தான். மற்றப் பாதிக்கு வேறு நல்ல காரணம் இருக்கலாம், தேடிப் பார்க்கவில்லை.

போன ஹஜ்ஜுக்கு முன்னால் அவரே என்னைத் தேடிப் பாலர் பாடசாலை வாசலுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடுவீடாக ஏறி மாப்புக் கேட்பார்கள். மனிதருக்குச் செய்த பிழையை மனிதர்தான் பொறுக்க வேண்டும், அல்லாஹ்வுக்குச் செய்ததை மட்டுமே அல்லாஹ் பொறுப்பான் என்பது எங்கள் நம்பிக்கை. கேட்கிறவர் ஒரே வாக்கியத்தில் கேட்பார், கொடுக்கிறவர் ஒரே வாக்கியத்தில் கொடுப்பார், தேத்தண்ணி குடிப்பார்கள், அடுத்த வீடு. தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை இப்படித்தான் நடக்கும், யாரும் எதையும் விசாரிப்பதில்லை.

அவர் கிழண்டு போயிருந்தார். மருமகன் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தான். வகுப்பில் பெரிய கதிரை இல்லை, பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தார். நான் பெரிய கதிரை எடுப்பிக்கவில்லை.

"மகள், தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் பிழ செஞ்சிரிந்தா மாப்புப் பண்ணுங்க" என்றார்.

"என்ன பிழைக்கு, சேர்?"

அவர் சிரித்தார். "பொதுவாத்தான் கேக்கிற, மகள்."

"நீங்க செஞ்சது பொதுவான பிழையில்லையே."

சொன்னேன். அலுமாரி, மோப்பம், ரினூசாவின் நகம், எல்லாம். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. நான் இத்தனை காலம் பாலூட்டி வளர்த்த வஞ்சம், அந்த ஆளுக்கு அப்படி ஒரு நாளே இல்லை! பின்னால் பிள்ளைகள் கழுதைப்புலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கம்பியில் செய்த கண்ணாடி போட்டுக்கொண்டு மற்றவனின் கையை மோந்தாள். "சீ! வெங்காயம்!" அவர் திரும்பிப் பார்த்தார். மேசையில் கிடந்த புத்தகத்தையும் அதில் நான் வரைந்த மூக்குக்கண்ணாடியையும் பார்த்தார். அவருடைய கை தன் கண்ணாடிக்குப் போனது. சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும், இல்லை. பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது எனக்கு.

"அந்தக் காலத்தில ஒரு சாமான் கெடைக்கிறதே பெரிசு, மகள். பழுதாகாம வெக்கத்தானே பூட்டின."

"இப்ப எங்க அந்தப் புத்தகம்?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "கறையான் திண்டுட்டு. பின்பக்கத்தால வந்திரிக்கி. திறந்து பாக்கக்குள்ள அட்ட மட்டுந்தான் நிண்ட."

"கறையான்ட கைய மோந்து பாத்தீங்களா சேர்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. "எனக்கு நீங்க செஞ்சது கொஞ்சம். ரினூசாகிட்டப் போய்க் கேளுங்க. அவ குடுக்காம நான் குடுக்கமாட்டேன்" என்று அனுப்பிவிட்டேன்.

ரினூசா குடும்பத்தோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டாள். அனுராதபுரம் சுற்றிப் போக வேண்டும், ஒரு முழு நாள் பஸ்ஸில் முதுகு உடையும். உடையட்டும் என்றுதான் சொன்னேன். போகமாட்டார் என்றும் நினைத்தேன். போனாலும் அவள் கொடுக்கமாட்டாள், அந்த வைராக்கியக்காரியை எனக்குத் தெரியாதா?

போயிருக்கிறார். அவள் கொடுத்தும்விட்டாள். அவரே போன் எடுத்து, "அந்த மகள் குடுத்துட்டா, இனி நீங்களும்…" என்றார். நான் போனை வைத்துவிட்டு ரினூசாவுக்கு எடுத்தேன்.

"ஏன்டி குடுத்தாய்?"

"மனிசன் வாசல்ல நிண்டு அழுறார் புள்ள. என்னத்தச் செய்ய? எனக்கு இடியப்பம் அவியக் கிடந்திச்சு. சரி, மாப்பு, போய்ட்டு வாங்க எண்டு அனுப்பினன்."

"உன்னைப் படிக்க விடாத மனிசன்டி!"

"ஓம், சொன்னார். எனக்கு ஒண்டும் நெனவில்ல. நீ அனுப்பின புத்தகத்த என்ட மகள் வாசிச்சுக் காட்டினா, நல்லாரிந்திச்சு."

நான் விடவில்லை. புத்தகம் நினைவில்லாவிட்டால் கதை நினைவிருக்குமே. "அலுமாரிக்கு முன்னால நிண்டு கதை சொல்லுவியே, ஆட்டுக்குட்டியோட கூரையில ஏறின புள்ளட கதை. அவ எப்பிடி இறங்கினா? அத மட்டும் சொல்லு, நான் எழுதிக்கிறன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

"நானா? நான் கதை சொன்னேனா? எனக்கு எங்கயடி கதை தெரியும்?"

மாஸ்டர் ஹஜ்ஜை முடித்துக்கொண்டு வந்து பேரீச்சம்பழமும் மக்காவின் ஸம்ஸம் தண்ணீரும் கொடுத்தனுப்பினார். பழத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டேன், தண்ணீரை, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று மரியாதையோடு குடித்தேன், மாப்புக் கொடுக்கவில்லை. சனம் என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறது. சொல்லட்டும். நான் அந்தக் கதையை ஒவ்வொரு இரவும் தொடக்கத்திலிருந்து எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். பெண் கூரையில் ஏறுகிறாள், கீழே நின்று யாரோ கூப்பிடுகிறார்கள், ஆட்டுக்குட்டி அவள் காதில் ஏதோ சொல்கிறது. அது என்ன சொன்னது என்று உலகத்தில் இப்போது யாருக்கும் தெரியாது.