விசிறிக்காரரின் இடது பக்கம்

தெருவில் அவரை விசிறிக்காரர் என்பார்கள். ரிமோட்டில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டர்களைப் பழுது பார்ப்பவர். பொம்மை என்று அவர் காதுபடச் சொல்லக் கூடாது. "சுத்தும்போது விரலை வெச்சுப் பாருங்க, பொம்மையா இல்லையான்னு தெரியும்" என்பார்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் அவரைக் கவனிக்க என்னை வைத்தார்கள். கை கால் ஓரளவு தேறிவிட்டது. தேறாதது இடது பக்கம். கண் நன்றாகத் தெரியும்; மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தட்டின் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால், "இதை முதல்லயே வெச்சா என்ன, கஞ்சப் பிசினாரி" என்று மனைவியைச் சீண்டுவார். தனக்குக் குறை ஏதும் இருப்பதாக அவர் நம்பவில்லை. இந்த நோயில் அதுவும் சேர்ந்தே வரும்.

மறுபடி வேலை மேசையில் உட்கார்ந்தார். வலது பக்கத் திருகுகளைக் கழற்றி, திருகு தானாகக் கழலாமல் பிடிக்கிற நீலப் பசை தொட்டு, பழையபடி சுத்தமாக இறுக்கினார். இடது பக்கத் தகட்டைத் தொடவே இல்லை. தட்டைப்போல ஹெலிகாப்டரையும் திருப்பி வைத்தாலென்ன என்று கேட்டேன்.

"வால் எப்பவும் என் பக்கம்தான் இருக்கணும். ஓட்டறவன் அப்படித்தான் நிப்பான். திருப்பி வெச்சு வேலை பாக்கறது கத்துக்குட்டிங்க வேலை."

அவர் மதியம் தூங்கும்போது அவர் மனைவி மேசையில் உட்கார்ந்து இடது பக்கத்தை இறுக்குவாள். எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள், பசை உட்பட எதையும் விடமாட்டாள். இப்படிச் சில ஹெலிகாப்டர்கள் பத்திரமாகத் திரும்பிப் போயின. அவரும் மெக்கானிக்காகவே இருந்தார்.

ஒருநாள், ஹெலிகாப்டரைப் பழுதுக்குக் கொடுத்திருந்த பல் டாக்டர் ஒருவர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மனைவி மேசைக்குப் போக வழியில்லை. டாக்டர் ஹெலிகாப்டரைத் தூக்கித் திருப்பினார். வால் குழாய் ஆடியது.

"அண்ணே, இந்தப் பக்கம் லூசா இருக்கே?"

"உங்க பேஷண்ட் பல்லா இருக்கும், நல்லாப் பாருங்க" என்று சிரித்தபடி வாங்கினார். திருப்பிய நிலையிலேயே கைக்கு வந்ததால் அந்தத் திருகுகள் இப்போது அவர் கண்ணில் பட்டன. சிரிப்பு போய்விட்டது. "நான் இறுக்கினதை யாரு கழட்டினது?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றாள். "சும்மா கழட்டிப் பார்த்தேன்."

"சும்மாவா? பறக்கும்போது வால் ஆடி இறக்கையில பட்டா என்ன ஆகும் தெரியுமா? நிக்கறவர் கழுத்து போயிடும்! இத்தனை வருஷம் என்கூட இருந்து இதுதான் கத்துக்கிட்டியா?"

அந்தத் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பசை வைத்து, இறுக்கிக் கொடுத்தார். ஒரு பிழை இல்லை. பிறகு வேலை அறைச் சாவிகளையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அறைக்குப் பூட்டு. மதியத் தூக்கமும் அந்த அறைக்குள்ளேயே.

சமையலறையில் அவளிடம், "ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"வேற என்னக்கா சொல்றது? அவருக்குப் பாதி உலகம் தெரியலைன்னு அந்த டாக்டர் முன்னாடி சொல்லவா?"

"இனிமே உள்ள போக முடியாது. யார் சரி பாக்கறது?"

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வழக்கமாக வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இனி வேலை எடுப்பதில்லை, தயவுசெய்து வராதீர்கள் என்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாத விஷயம் அது.

இப்போது அவர் தினமும் குளித்து, முகத்தில் பாதி சவரம் செய்துகொண்டு மேசையில் உட்காருகிறார். மீதியை நான் செய்துவிடுகிறேன். யாரும் வருவதில்லை.

"எல்லாம் உன்னாலதான்" என்கிறார் மனைவியிடம். "நீ கை வெச்சது வெளிய தெரிஞ்சுபோச்சு. எவன் வருவான்?"

"ஆமாங்க" என்கிறாள் அவள்.