கோப்பை வைத்த இத்தா

பிரசவத்துக்குப் பின் ஓராண்டாக இடுப்பு வலி. மகளைத் தூக்கவே பயந்தேன். பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபி டாக்டரிடம் சொல்லாமல், மட்டாஞ்சேரியில் முதுகில் கண்ணாடிக் கோப்பை வைத்து வலி எடுக்கும், எல்லோரும் ‘இத்தா’ (அக்கா) என்றழைக்கும் ஒரு முஸ்லிம் பெண்மணியிடமும் போனேன். பருத்த உடல், தலையை மூடிய வெள்ளைத் தட்டம். ஒவ்வொரு கோப்பையையும் முதலில் தன் கையில் வைத்துச் சூடு பார்ப்பார்.

இரண்டாம் முறை போனபோது, “டாக்டர்கிட்ட பறஞ்சியா மோளே?” என்றார்.

“இல்ல இத்தா, திட்டுவாங்க.”

“ஒளிச்சு வெக்க நான் என்ன கள்ளியா? திட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் கோப்பை இல்ல.”

மறுநாள் சொன்னேன். டாக்டர் முதுகில் கோப்பைகள் பதித்த வட்டங்களைப் பார்த்துவிட்டு, “வலி குறையிற நேரத்துல பயிற்சிய விட்டுடாதீங்க” என்றார், அவ்வளவுதான்.

கோப்பையும் பயிற்சியும் தொடர்ந்தன. சில மாதங்களில் மகளைத் தூக்கிக்கொண்டு இத்தாவிடம் போனேன். கோப்பையாலா பயிற்சியாலா, எதனால் குணமானது என்று கேட்டேன்.

“பிள்ள இடுப்பில இருக்குல்லே? பின்னே என்ன சம்சயம்?”

எனக்குச் சந்தேகம் இன்னும் இருக்கிறது. வலிதான் இல்லை.