ஏழு நாள் சுத்தம்

வட்டக்கச்சியில் ஜெகதீஸ்வரியோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்களுக்கும் அவளுடைய அருவருப்பைத் தெரியும். பிறத்தியார் வீட்டில் தேநீர் கொடுத்தால் முதலில் கோப்பையின் விளிம்பைத்தான் பார்ப்பாள். கலியாண வீட்டில் பரிமாறுகிறவனின் நகம் கண்ணில் பட்டுவிட்டால் அன்று முழுக்கப் பட்டினி. மூன்று பசு வைத்திருக்கிறாள். பால் சேர்க்கும் இடத்தில் அவளுடைய கேனை மட்டும் யாரும் திறந்து மணந்து பார்ப்பதில்லை. அவளோ மற்றவர்களின் கேன்களை எல்லாம் எட்டிப் பார்த்து, "சீ, உதையும் பாலெண்டு கொண்டந்தனீங்களோ?" என்று கேட்காமல் வீடு திரும்பியதில்லை. இப்படிப்பட்ட மனுசி யுத்தம் முடிந்த கையோடு முகாமில் ஒன்பது மாதம் எப்படி இருந்தாள், அந்தக் கக்கூசுகளுக்கு எப்படிப் போய் வந்தாள் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. ஒன்றும் விடாமல் சொல்லுவாள். கேட்டவருக்கு மதியச் சோறு இறங்காது.

ஆனால் அவளுடைய தங்கை சிவதர்சினி வலிப்பு வந்து விழும்போது அந்த அருவருப்பெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. வாயில் நுரை தள்ளும், சில வேளை சத்தி எடுக்கும், உடுப்பு நனைந்துவிடும். எல்லாவற்றையும் வெறுங்கையால் துடைப்பாள். தங்கையைச் சரித்துப் படுக்க வைத்து, வழிந்தது காயும் வரை பக்கத்திலேயே குந்தியிருப்பாள்.

தர்சினிக்குப் பதினேழு வயதில், இரண்டாயிரத்தொன்பதில், ஷெல் துண்டொன்று மண்டைக்குள் போய் இருந்துகொண்டது. அதைத் தொடக்கூடாது என்று டாக்குத்தர்மார் சொல்லிவிட்டார்கள். வலிப்புக்குக் காலையில் ஒரு குளிசை, பின்னேரம் ஒரு குளிசை, ஒரு நாளும் தவறக்கூடாது. ஒருமுறை வெள்ளம் வந்து கிளினிக்குக்குப் போக முடியாமல் மூன்று நாள் தவறியது. அந்த மூன்றாம் நாள் அவள் அடுப்புக்குள் விழுந்தாள். இடது கை முழங்கை வரை வெந்தது. அன்றிலிருந்து அடுப்பு, கிணறு, சைக்கிள் மூன்றுக்கும் ஜெகதீஸ்வரி தங்கையை விடுவதில்லை. குளிக்கும்போதும் மறைப்புக்கு வெளியே நின்று, "பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை!" என்று குரல் கொடுத்தபடி இருப்பாள். பிள்ளைக்கு இப்போது முப்பத்திரண்டு வயது.

இந்த வீட்டுக்குத்தான் முன்பள்ளி ரீச்சர் ராஜினி ஒரு தாளைக் கொண்டு வந்தாள். கிளிநொச்சியில் ஒரு கலியாண மண்டபத்தில் எனர்ஜி ஹீலிங் செமினாராம். வெளிநாட்டிலிருந்து வருகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். தொடாமலே நோய் தீர்ப்பாராம். தாளின் தலையில் 'முழுப் பயனையும் பெறுவதற்கான ஏழு நாள் ஆயத்தம்' என்று பெரிதாக அடித்திருந்தது.

ஜெகதீஸ்வரி தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தாள். ஏழு நாளும் மீனிறைச்சி என்று மச்சம் எதுவும் கூடாது, வெங்காயம் உள்ளியும் கூடாது. காலையும் பின்னேரமும் இலைக்கஞ்சி, மதியம் பழம். விடிய எழும்பிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று 'நான் ஒளி' என்று இருபத்தொரு தரம் சொல்ல வேண்டும். யாரோடும் கோபிக்கக் கூடாது. மனதில் உள்ள வேண்டுதலை ஒரு கொப்பியில் தினமும் நூற்றெட்டுத் தரம் எழுத வேண்டும். வரும் நாளில் வெள்ளை உடுப்பு, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது: 'இரசாயன மருந்துகள் சக்தியின் பாதையை அடைக்கும் என்பதால் முடிந்தவரை தவிர்க்கவும்.'

"முடிந்தவரையாம்! நாளைக்கு ஆராவது செத்தா, நாங்கள் முடிஞ்சவரை எண்டுதானே சொன்னனாங்கள் எண்டு கையைக் கழுவலாம். கள்ளச் சாதியள்!" என்று தாளைக் கதிரையில் போட்டாள்.

தர்சினிக்கு அது காதில் ஏறவேயில்லை. அவள் வேறொரு வரியில் நின்றுவிட்டாள்.

"ரீச்சர், உடம்பில உலோகம் கூடாதெண்டு கிடக்குது. தோட்டைக் கழட்டலாம். என்ர தலைக்குள்ள கிடக்கிறதை என்ன செய்யிறது?"

அவள் பகிடி விடவில்லை. உண்மையாகவே பயந்து கேட்டாள். ராஜினியும் பகிடியாக எடுக்கவில்லை. முற்றத்துக்குப் போய் யாருக்கோ போன் எடுத்துக் கதைத்துவிட்டு வந்தாள். "உங்களை மாதிரிக் கனபேர் கேட்டிருக்கினமாம். ஆஸ்பத்திரியில போய்க் கழட்டித் தாங்கோ எண்டு நிண்டவையும் இருக்கினமாம். அப்பிடியொண்டும் தேவையில்லை, அந்தத் துண்டை ஒளியா நினைக்கட்டாம்."

"ஒளியா நினைக்கிறதோ? அது வரேக்கை ஒளியாத்தான் ரீச்சர் வந்தது!" என்றாள் ஜெகதீஸ்வரி. ராஜினி தேநீர் குடிக்காமலே எழும்பிப் போனாள்.

அன்று பின்னேரம் தர்சினி குளிசைப் பையைக் கொண்டு வந்து தமக்கையின் மடியில் வைத்தாள்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ அக்கா. ஏழு நாளைக்கு என்ர கண்ணில காட்டாதேங்கோ."

"உனக்கென்ன விசரோ? கையைப் பார் ஒருக்கா. அடுப்பு மறந்து போச்சோ?"

"பதினைஞ்சு வரியமாப் போடுறன். சுகம் வந்ததோ? சொல்லுங்கோ, வந்ததோ?"

ஜெகதீஸ்வரி கத்தினாள், கெஞ்சினாள், செத்துப்போன தாயின் பெயரில் சத்தியம் கேட்டாள். தர்சினி கொஞ்சமும் கோபிக்காமல் நின்றாள். கோபிக்கக் கூடாது என்று தாளில் இருந்ததே! அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் தமக்கைக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை இலைக்கஞ்சி வைத்தாள். குறிஞ்சா இலையைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, குளிசையைக் கடதாசிக்குள் வைத்து மடித்து, தம்ளரின் அடியால் அழுத்தி மாவாக்கிக் கஞ்சிக்குள் தட்டினாள். அடுத்தவர் தின்னும் பண்டத்துக்குள் களவாக ஒன்றைப் போடுவது எவ்வளவு ஊத்தை வேலை என்று அவளுக்குத் தெரியும். பாலுக்குத் தண்ணீர் கலப்பவர்களை அவள் ஏசாத ஏச்சில்லை. என்றாலும் கலக்கினாள்.

"கைக்குதக்கா."

"குறிஞ்சா கைக்காமல் இனிக்குமோ? சுகம் வேணுமெண்டா கண்ணை மூடிக்கொண்டு குடி."

குடித்தாள். பின்னேரமும் குடித்தாள். ஏழு நாள்தானே, கூத்து முடிந்ததும் பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதுதான் ஜெகதீஸ்வரியின் கணக்கு. அதற்கப்பால் அவள் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் தர்சினி பழம் வாங்கக் கடைக்குப் போன நேரம், மேசையில் இருந்த கொப்பியை ஜெகதீஸ்வரி திறந்து பார்த்தாள். வலிப்பு நிற்க வேண்டும் என்றுதான் எழுதியிருப்பாள் என்று நினைத்தாள். பக்கம் பக்கமாக ஒரே வரி, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில்: 'அக்காவின் காவல் இல்லாமல் நான் தனியாக நடமாட வேண்டும்.'

நூற்றெட்டுத் தரம். மூன்று நாளுக்கும் முந்நூற்றிருபத்துநாலு தரம். கட்டிய புருசன் செத்தபோதுகூட மூன்றாம் நாள் பால் கறக்க எழும்பியவள் அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்துபோனாள். நன்றி கெட்டவள் என்று நினைத்தாள். அவள் கேட்பதில் என்ன பிழை என்றும் நினைத்தாள். இரண்டும் நெஞ்சுக்குள் கிடந்து எரிந்தன. பின்னேரம் வந்தது. அடுப்பை மூட்டினாள், கடதாசியை மடித்தாள், குளிசையை மாவாக்கினாள்.

ஏழு நாளும் வலிப்பு வரவில்லை. எப்படி வரும்?

எட்டாம் நாள் இரண்டு பேரும் வெள்ளை உடுத்துப் பஸ்ஸேறினார்கள். மண்டப வாசலில் தொண்டர்கள் சங்கிலி, மோதிரம், சட்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வாங்கினார்கள். ஒற்றைக் கால் மனிதர் ஒருவர் பொய்க்காலையும் கழற்றிச் செருப்புகளோடு நிறுத்திவிட்டு, இரண்டு பேரின் தோளைப் பிடித்துத் தெத்தித் தெத்தி உள்ளே போனார். "கால் செய்த பாவமென்ன? கோதாரியில போவாங்கள்!" என்று ஜெகதீஸ்வரி வாய்விட்டே சொன்னாள். தர்சினி அவளைக் கிள்ளினாள்.

உள்ளே சாம்பிராணிப் புகையும் வியர்வையும் கலந்து மணத்தது. மாஸ்டர் பட்டு வேட்டியோடு வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவர் உச்சியிலும் எச்சில் தெறிக்க ஊதினார். ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டாள். பிறகு சக்தி ஏற்றிய தண்ணீர் வந்தது. உலோகம் கூடாதாம், ஆதலால் ஒரே சிரட்டை, இருநூறு வாய். ஆளுக்கொரு மிடறு குடித்து அடுத்தவருக்குக் கைமாற்றினார்கள். சிரட்டை தன்னிடம் வந்தபோது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள்.

பக்கத்தில் இருந்தவள் முல்லைத்தீவிலிருந்து வந்த மஸீனா. மடியில் ஆறு வயது மகள் தலைசாய்த்திருந்தாள். தர்சினிக்கு என்ன வருத்தமென்று கேட்டறிந்தவள், "இவவுக்கும் வலிப்புத்தானக்கா. மருந்தை நிப்பாட்ட எனக்கு மனம் வரேல்லை. என்ன நடக்குதெண்டு பாத்திட்டு முடிவெடுப்பம் எண்டு வந்தனான்" என்றாள்.

அந்த நேரம் மேடையில் ஒரு பெட்டியை வைத்தார்கள். ஆயத்தத்தைச் சரியாக முடித்தவர்கள் வந்து அனுபவத்தைச் சொல்லலாம் என்றார்கள். ஜெகதீஸ்வரி கையைப் பிடிப்பதற்குள் தர்சினி எழும்பி நடந்துவிட்டாள்.

பத்துப் பேருக்கு முன்னால் வாய் திறந்தறியாதவள் மைக்கைப் பிடித்தாள். "என்ர தலைக்குள்ள ஷெல் துண்டு இருக்குது. பதினைஞ்சு வரியமாக் குளிசை போட்டனான். ஏழு நாளா ஒண்டும் போடேல்லை. ஒருக்காலும் வலிப்பு வரேல்லை. இனி எனக்கு ஒருதற்ற காவலும் தேவையில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரிப்பாள் என்பதே தமக்கைக்கு மறந்து போயிருந்தது.

மண்டபம் கைதட்டியது. "பாத்தீங்களா? இதை நான் செய்யேல்லை, இந்தத் தங்கச்சியின்ர நம்பிக்கை செய்தது. மருந்தைக் கொண்டு வந்தவை இதுக்குள்ள போட்டு விடுதலையாகுங்கோ" என்று மாஸ்டர் பெட்டியைக் காட்டினார். சனம் எழும்பியது. சீனி வருத்தக்காரர், பிறசர்க்காரர், நெஞ்சு நோக்காரர் எல்லாம் கிளினிக் பைகளோடு வரிசையில் நின்றார்கள். தான் களவாக அரைத்த குளிசையைக் காட்டித்தான் இத்தனை பேரின் குளிசையும் பெட்டிக்குள் போகிறது என்று ஜெகதீஸ்வரிக்கு விளங்கியது. அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருத்தது.

வாயைத் திறந்தால் தங்கையின் அந்தச் சிரிப்பு போய்விடும். இருநூறு பேருக்கு முன்னால் போய்விடும். வீட்டில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பக்கத்தில் மஸீனா கைப்பைக்குள்ளிருந்து மருந்துப் போத்தலை எடுத்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள்.

"போடாதை பிள்ளை! போடாதை!" ஜெகதீஸ்வரி எழும்பிக் கத்தினாள். மறித்த தொண்டனைத் தள்ளிவிட்டு மேடைக்கு முன்னால் போனாள். "அவள் குளிசையை நிப்பாட்டேல்லை. ஏழு நாளும் நான்தான் கஞ்சிக்குள்ள அரைச்சுப் போட்டுக் குடுத்தனான். அவளுக்குத் தெரியாது. உவரின்ர சக்தியுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை!"

மாஸ்டர் பதறவில்லை. இந்த அம்மாவிடம் இருப்பது நெகட்டிவ் எனர்ஜி, எல்லாரும் கண்ணை மூடுங்கோ என்றார். சிலர் மூடினார்கள். மஸீனா மூடவில்லை. போத்தலைத் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பிறகு ஒரு கிழவர் பெட்டிக்குள் கையை விட்டு, "என்ர கிளினிக் நம்பர் போட்ட பையைக் கொஞ்சம் பாத்து எடுத்துத் தா தம்பி" என்று தொண்டனிடம் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் முண்டியடித்துப் பைகளைக் கிளறினார்கள்.

தர்சினி மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். "எத்தினை நாள்?" என்று கேட்டாள். அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏழு நாளும்."

"காலமையும் பின்னேரமுமோ?"

"ஓம்."

மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். பஸ்ஸில் வேறு ஆசனத்தில் போய் இருந்தாள்.

மறுநாள் காலை ஜெகதீஸ்வரி புட்டு அவித்து, வாழைப்பழத்தோடு தங்கைக்கு முன்னால் வைத்தாள். தர்சினி எழும்பி அலுமாரிக்குப் போனாள். தமக்கை திருப்பி வைத்திருந்த குளிசைப் பையைத் தானே எடுத்தாள். ஒரு குளிசையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். காட்டிவிட்டு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஜெகதீஸ்வரிக்கு உயிர் வந்தது. இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு தர்சினி தட்டுக்கு முன்னால் வந்து குந்தினாள். புட்டை உடைத்தாள். உடைத்ததை மறுபடி உடைத்தாள். விரல் நுனியால் கிளறிக் கிளறி, தேங்காய்ப்பூவைத் தனியே ஒதுக்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் மணந்தும் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"தேங்காய்ப்பூவடி. வேறென்ன?"

தர்சினி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினாள். கொடியில் கிடந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். குசினிக்குள் போய், இத்தனை வருடமாக அக்கா தொடவிடாத அடுப்பைத் தானே மூட்டித் தனக்கென்று ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டாள். ஜெகதீஸ்வரி வாசலில் நின்றாள், உள்ளே போகவில்லை.