சூரியனம்மாவின் குரல்

"கட்டி பரவிடுச்சு. உங்க மனைவியோட குரல்வளையை மொத்தமா எடுத்துடணும் சார். வேற வழி இல்ல."

அறுவை மருத்துவர் சொன்னது பல் டாக்டரின் மண்டையில் ஏறவே இல்லை. பக்கத்தில் அவருடைய மனைவி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வானியற்பியல் ஆய்வாளர். வாரம் முழுக்க ஆய்வகத்தில் வெடித்துச் சாகும் நட்சத்திரங்களோடு மல்லுக்கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அதையே பஸ் கண்டக்டருக்கும் புரியும்படி பேசுவாள். "சூரியன் பட்டுனு அணைஞ்சாலும் நமக்கு எட்டு நிமிஷம் கழிச்சுத்தான் தெரியும். அதுவரைக்கும் நிம்மதியா டீ குடிங்க" என்பாள். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த தெரு, அவளுக்குச் 'சூரியனம்மா' என்றே பேர் வைத்துவிட்டது.

சில மாதங்களாகவே குரல் கம்மியிருந்தது. "ஓயாம பேசினா தொண்டை கட்டாம என்ன பண்ணும்?" என்று கேலி செய்தவர் பல் டாக்டர்தான். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறவர், வீட்டுத் தொண்டையைக் கோட்டை விட்டிருந்தார்.

காரில் ஏறியதும் அவர்தான் உடைந்து அழுதார்.

"மொதல்ல வண்டிய ஓரங்கட்டுங்க, அப்புறமா அழலாம்" என்றாள் அவள், கரகரப்பாக. "ஆபரேஷனுக்குள்ள நாலு நிகழ்ச்சி பேசிப் பதிவு பண்ணிடறேன்."

"பேசவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"எடுத்து எறியப் போற குரல்தானே? யாருக்காக மிச்சம் வைக்கணும்?"

அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

அறுவைக்குப் பிறகு வீடு ஊமையானது. சமையலறையில் கரண்டி விழுந்தாலும் அவருக்குத் திடுக்கென்றது. அவள் எழுதிக் காட்டினாள், கை தட்டிக் கூப்பிட்டாள். ஆய்வகத்தில் தனியாக என்ன பழகுகிறாள் என்று மட்டும் காட்டவில்லை.

அடுத்த வருடம் நகர மண்டபத்தில் மேடை ஏறினாள். சின்னக் கருவி ஒன்றைக் கழுத்தில் அழுத்தினாள். தகர டப்பாவுக்குள் வண்டு இரைவதுபோல ஒரு குரல் வந்தது: "வணக்கம்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. வேற கிரகத்துலேருந்து யாரும் வரல. நான்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் காத்திருந்தாள். கடைசி வரிசையில் யாரோ அடக்கமாட்டாமல் களுக்கென்று சிரிக்க, அப்புறம் மண்டபமே சேர்ந்துகொண்டது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பல் டாக்டரால் இரண்டும் முடியவில்லை. பேச்சு முடியும்வரை கருவியைப் பிடித்திருந்த அந்தக் கையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு நிகழ்ச்சி மறுபடி தொடங்கியது. அந்தக் குரலைத் தாங்காமல் சிலர் வானொலியை அணைத்தார்கள். மற்றவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.