இரண்டு கட்டில்களுக்கு நடுவே

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்பவைக்க எனக்குத் தெம்பும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன ஜனவரியில் என் தம்பி எர்வானுக்கு பிரெஸ்ட் துறைமுக நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் இதய ஆபரேஷன். காலை ஏழு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அதனால் முதல் நாளே வந்து ஓட்டலில் தங்கினோம். முன்னால் கடல், பின்னால் டிராம், நாலே ஸ்டாப்பில் ஆஸ்பத்திரி. அந்த ஊரில் அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. முதல் மாடிதான். அதற்கே என் முழங்கால் கெஞ்சியது.

மூன்று வாரமாக அவன் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்தவள் நான். ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. புருஷன் போனபிறகு எனக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். கல்யாணம் காட்சி இல்லாமல், என்னை ஏவியே காலத்தை ஓட்டிவிட்டவன். பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை.

இரவு எதுவும் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இவனோ என் பையில் இருந்த வெண்ணெய் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாகப்போறவனுக்கு ஒரு துண்டு தரமாட்டியாக்கா?"

"வாயைக் கழுவுடா" என்றேன்.

அவன் தூங்கியதும் கீழே போய் சூப் குடித்துவிட்டு வந்தேன். அலமாரி மேல் இருந்த சாவிக் கடிகாரம் 7.10-இல் நின்றிருந்தது. சத்தம் பிடிக்காமல் இவன்தான் நிறுத்தியிருப்பான் என்று நினைத்து, சாவி கொடுத்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், நிலைக்கண்ணாடி மேல் ஒரு வெள்ளைத் துண்டு. ஓட்டல் வேலைக்காரி வந்துபோயிருக்கிறாள். கதவைத் தட்ட வேண்டாமா, என்ன மரியாதை இது! முணுமுணுத்தபடி துண்டை எடுத்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். விழுந்தேன் கட்டிலில்.

குளிரில் விழிப்பு வந்தது.

ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. எழுந்து மூடினேன். கூஜாவில் தண்ணீர் இல்லை. படுக்கும்போது நான்தான் நிரப்பி வைத்தேன். கண்ணாடி மேல் மறுபடியும் துண்டு.

கடிகாரச் சத்தம்... இல்லை.

தாழ்ப்பாளைப் பார்த்தேன். போட்டது போட்டபடி இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் முதலில் கடிகாரத்தை நிறுத்துவோம். கண்ணாடியை மூடுவோம். இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டுவோம். உயிர் போக ஜன்னலைத் திறந்து வைப்போம். கடைசியாகப் பக்கத்தில் ஒரு தட்டு, அதில் தீர்த்தம், ஒரு பச்சைக் கிளை...

திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே, சின்ன மேஜை மேல், தட்டு இருந்தது.

எர்வான் மூக்கருகே கையை வைத்தேன். மூச்சு வந்தது. தட்டைத் தூக்கிக் கதவோரமாக வைத்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். விடியும்வரை இது ஓடவேண்டும், நான் தூங்கக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

முடியவில்லை. பாழாய்ப்போன உடம்பு.

சரக்... சரக்...

செருப்புச் சத்தம். கண்ணைத் திறக்கப் பார்க்கிறேன். இமை பிரியவில்லை.

கட்டிலருகே நின்றது.

ஒரு பெண் குரல். மெதுவாக ஏதோ கேட்டது.

எர்வான் பதில் சொன்னான்.

பிறகு எதுவும் இல்லை.

காலையில் கீழே இருந்த மதாம் லெ கோஃபிடம், உங்கள் வேலைக்காரிக்கு ராத்திரியில் தூக்கமே வராதா என்று எரிந்து விழுந்தேன். அந்த அம்மாள்தான் ஓட்டலின் சொந்தக்காரி. குளிர்காலத்தில் வேலைக்கு ஆளே வைப்பதில்லை, எல்லாவற்றுக்கும் தான் ஒருத்திதான் என்றாள். தட்டைப் பற்றிச் சொன்னதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டருக்கே ஆச்சரியம்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரியைப் பற்றி நானாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனே ஆரம்பித்தான்.

"ஓட்டல்ல ஒருத்தி வந்தாளேக்கா, வெள்ளை ஏப்ரன் கட்டிக்கிட்டு. நீ அசந்து தூங்கிட்டிருந்தே."

என்ன கேட்டாள் என்றேன்.

"'இதெல்லாம் யாருக்கு'ன்னு கேட்டா."

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கில்லைன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு. மீதிச் சூப்பையும் ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டேன்.

அந்த அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.