பள்ளி நேரத்தில் ஏறிய பதிவுகள்

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே கடை வைத்திருந்தவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றே கூப்பிட்டார்கள். விண்ணப்பம், மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டைப் படம் எல்லாம் அவள் கைபட்டுத்தான் பள்ளிக்குள் போகும். எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதை விரல் நுனியில் வைத்திருந்தாள். சொந்த மகளுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் தெரியாமல் போனது.

எட்டாம் வகுப்பில் படித்த மகள் திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தாள். முதல் நாள் வயிற்றுவலி, மறுநாள் தலைவலி. மூன்றாம் நாள் அக்கா அவளுடைய போனைப் பிடுங்கிப் பார்த்தாள். ‘தவளை ராணி’ என்றொரு கணக்கு. தவளை உடம்பில் மகளின் முகம். பேசும்போது அவளுக்கு வார்த்தை திக்குவதைக் கேலி செய்து பதினேழு பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் வகுப்பே கூடிச் சிரித்திருந்தது.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொ... சொன்னா போனைப் பிடுங்கிக்குவே. இப்பவும் அதைத்தானே பண்ண?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் கண் தாளில் நிற்கவில்லை. வருகிற பிள்ளைகளின் முகங்களையே மேய்ந்தது. இரண்டு பேர் குசுகுசுத்தால் மகளைப் பற்றித்தான் என்று தோன்றும். ஒருத்தி சிரித்தால் ரத்தம் கொதிக்கும். கடைசியில் சந்தேகம் போய் உட்கார்ந்தது மகளின் தோழி மேல். யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுகிறவள். வாயாடி என்பதே அவள் பெயராகியிருந்தது.

“வீட்டுக்குள்ள வந்து வேவு பார்த்துட்டுப் போனியா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே!”

கடை நிறையக் கூட்டம் இருக்கும்போதே கத்திவிட்டாள். நகலெடுக்கக் கொடுத்த தாள்களைக்கூட எடுக்காமல் அந்தப் பெண் அழுதுகொண்டே ஓடினாள்.

பள்ளிக்குப் போய் முறையிட்டபோது தலைமையாசிரியை கையை விரித்தார். “பசங்க போனையெல்லாம் காலையிலேயே வாசல்ல வாங்கிப் பூட்டிடறோம். வெளியில நடக்கறதுக்கு ஸ்கூல் எப்படிம்மா பொறுப்பாகும்?”

அந்த அறையில் பெற்றோர் சங்கச் செயலாளரும் இருந்தாள். மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பெண்ணின் தாய். அக்காவின் தோளில் ஆதரவாகக் கை போட்டாள்.

“போலீஸ் அது இதுன்னு போகாதீங்க. பொண்ணு பேர்தான் கெடும். அந்தக் கணக்கை நான் எடுக்க வெக்கறேன். நீங்க போன்ல இருக்கறதையெல்லாம் அழிச்சிடுங்க.”

அக்காவுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆனால் பிரதி எடுக்காமல் எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லாதவள். பதினேழையும் அச்செடுத்துத் தேதிவாரியாக மேசையில் பரப்பினாள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த நேரம் அப்போதுதான் கண்ணில் பட்டது. பதினொரு பதிவுகள் வேலை நாட்களில், காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவே ஏறியவை. அந்த நேரத்தில் பிள்ளைகளின் போன்கள் பூட்டிய பெட்டிக்குள் அல்லவா இருக்கும்?

வாயாடி இல்லை. பிள்ளைகளே இல்லை. யாரோ பெரியவர்கள்!

வேன் ஓட்டுநரா, அலுவலக எழுத்தரா, ஆசிரியரா? வீட்டில் போனைப் பார்த்துச் சிரித்த கணவனிடமே, “யாருக்கு அனுப்பறீங்க?” என்று பாய்ந்தாள். அவர் பேந்தப் பேந்த விழித்தார். செயலாளரின் பேச்சும் நினைவுக்கு வந்தது. உதவ வந்தவள் எதற்காக அழிக்கச் சொன்னாள்?

மறுநாள் இணையக் குற்றப் பிரிவில், பெண் அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“அழிக்காம கொண்டு வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம். குழந்தைங்க விஷயத்துல சட்டம் கண்டிப்பா இருக்கு. அந்தக் கணக்கை நடத்தற கம்பெனிகிட்ட விவரம் கேக்கறோம். அதுவரைக்கும் யாரோடவும் சண்டைக்குப் போகாதீங்க.”

“ஒருத்திகிட்ட போயிட்டேன் மேடம்,” என்றாள் அக்கா.

மூன்று வாரம் கழித்து விவரம் வந்தது. கணக்கு தொடங்கப்பட்டது செயலாளரின் போன் எண்ணில். ஆண்டு விழாவில் வரவேற்புரை பேச அவளுடைய மகளை விட்டுவிட்டு, திக்கினாலும் விடாமல் பேசிப் பழகிய அக்காவின் மகளை ஆசிரியை தேர்ந்தெடுத்திருந்தார். “சும்மா விளையாட்டுக்கு” என்று மழுப்பியவள்மீது வழக்கு பதிவானது. பதவி போனது, கணக்கும் போனது. எங்கே நடந்தாலும் புகாரை அன்றே எழுதி வாங்க வேண்டும் என்று பள்ளியில் விதி வந்தது.

அக்கா வாயாடியின் வீட்டுக்குப் போய், அவள் அம்மா முன்னாலேயே மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நான் போடல ஆன்ட்டி. ஆனா கீழ சிரிக்கிற பொம்மை போட்டேன். எல்லாரும் போட்டாங்கன்னு...”

“அதை அவகிட்ட நீயே சொல்லு,” என்றாள் அக்கா. அவள் வந்து சொன்னாள். மகள் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை, பிறகு பேசினாள். பள்ளிக்கும் போனாள். வரவேற்புரையை மட்டும் அந்த ஆண்டு வேண்டாம் என்றுவிட்டாள்.

செயலாளரின் மகள் இன்னமும் கடைக்கு வருகிறாள். தலையைக் குனிந்தபடி தாளை நீட்டுகிறாள். இவளுக்குத் தெரியுமா, தெரிந்தே சிரித்தாளா என்று அக்காவின் மனம் ஒவ்வொரு முறையும் குடைகிறது. வாய்வரை வருகிற கேள்வியை விழுங்கிவிட்டு, “எத்தனை காப்பி கண்ணு?” என்று கேட்கிறாள்.