இரண்டு மொழிகளில் ஒரு லெந்து காலம்

புனேயில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோவில் கிடையாது. கேம்ப் பகுதியில் மராத்தி சபையாரின் பழைய கல் கோவிலில் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்களுக்கு ஆராதனை. காலையில் அவர்கள் பாடி முடித்துப் போன பெஞ்சுகளில் நாங்கள் போய் உட்காருவோம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், லெந்து காலத்தில், புதன்கிழமை சாயங்காலங்களில் வேதபாடம் நடக்கும். அவர்களுக்குக் கோவிலுக்குள்ளே, எங்களுக்குப் பின்பக்கத்து ஓட்டு ஹாலில்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் கோவில் தரையைப் பெயர்த்துப் போட்டுப் புதுக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த லெந்து முழுக்க இரண்டு சபைக்கும் அந்த ஒரே ஹால்தான். நேரத்தைப் பங்கு போட்டுப் பார்த்தார்கள், ஒத்து வரவில்லை. கடைசியில் இரண்டு போதகர்களும் பேசி, எல்லோரும் சேர்ந்தே படிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். இடது பக்க பெஞ்சுகளில் அவர்கள், வலது பக்கம் நாங்கள். ஒரே பகுதியை முதலில் மராத்தியில் வாசிப்பார்கள், பிறகு தமிழில். அதன் பின் யார் வேண்டுமானாலும் மனதில் பட்டதைச் சொல்லலாம்.

அதை மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது எங்கள் போதகர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். விஷ்ராந்த்வாடியில் பிறந்து வளர்ந்தவள். தெருவில் மராத்தி, காலேஜில் ஹிந்தியும் இங்கிலீஷும், வீட்டில் மட்டும் அப்பா அம்மாவின் திருநெல்வேலித் தமிழ். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் பேச வரும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் இரண்டு வாரம் சுலபமாகப் போயிற்று. பெரியவர்கள் பொதுவாகப் பேசினார்கள். பொறுமை, ஜெபம், உபவாசம். நான் பாதி யோசிக்காமலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அவர்கள் கொண்டு வரும் இஞ்சி டீயும் நாங்கள் கொண்டு போகும் சுண்டலும் சேர்ந்து காலியாகும். முன்பெல்லாம் வாசலில் தலையசைத்துக் கடந்து போனவர்கள் சுண்டலில் என்ன போட்டீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாம் வாரம், வீட்டைவிட்டுப் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனின் கதை. தூரத்திலேயே அவனைக் கண்டு தகப்பன் ஓடிப் போய்க் கட்டிக்கொள்வது வரை அன்றைக்கு. பாக்கி அடுத்த வாரம் என்று போதகர் சொல்லியிருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு என் அக்கா தன்னுடன் வேலை பார்த்த ஒரு மராத்திக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் நம் சபையும் இல்லை, நம் மதமும் இல்லை. கல்யாணமான மறுவாரம் இருவரும் வீட்டுக்கு வந்து மணியடித்தார்கள். அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். அம்மா கதவுக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், திறக்கவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நாலைந்து முறை அடித்துவிட்டு அவர்கள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அக்காவின் பேரை எடுப்பதில்லை. அப்பா மட்டும் மாதம் ஒரு சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி, பிம்ப்ரியில் இருந்த அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மராத்திப் பக்கம் ஓர் அம்மா எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக வருவார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். என் அம்மா வயதுதான் இருக்கும். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மராத்தியில் சொன்னார். எல்லோரும் அந்தத் தகப்பனைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கும் ஒரு மகன் இருந்தான், குடித்து, வீட்டுச் சாமான்களை விற்று, ஒரு நாள் காணாமல் போனான். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தான். ஜன்னல் வழியாக அவன் தெருவில் வருவதை நானும் தூரத்திலேயே பார்த்தேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மணியடித்தது. எழுந்திருக்கவில்லை. மணி ஓயும்வரை மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையில் மாவு காய்ந்து போயிற்று. அதன் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது.

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தமிழ்ப் பக்கத்தார் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது பெஞ்சில் அம்மா இருந்தார்.

நான், "அவங்களோட மகன் தூரத்துல இருக்காராம். அவருக்காக ஜெபிக்கச் சொல்றாங்க," என்றேன்.

போதகர் ஜெபித்தார். கூட்டம் முடிந்தது.

ஸ்டேஷனில் விஷ்ராந்த்வாடி பஸ் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. பண்ட் கார்டன் பாலம் வந்தது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"ஏட்டி, அவ மாவு பெசஞ்சிக்கிட்டு இருந்தேன்னு சொன்னாள்லா. அத ஏன் நீ சொல்லல?"

அம்மாவின் மராத்தி கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசும் அளவுதான் என்று நினைத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரில் காய் வாங்கி, ரேஷன் வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்குத் துணை போனவர் என்பதை மறந்துவிட்டேன்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"நாங் கதவத் தொறக்காம நின்னப்ப நீ பின்னால நின்னுக்கிட்டுதான இருந்த?"

"ஆமா."

"நீயாவது தொறந்திருக்கலாம்ட்டி."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு வருஷமும் தப்பெல்லாம் அம்மாவுடையது என்றே நினைத்து, மனதுக்குள் அவரைத் தீர்ப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு தப்படி நடந்து தாழ்ப்பாளை விலக்க எனக்கும் கை இருந்தது என்பது அந்த பஸ்ஸில்தான் உறைத்தது. அக்கா போன பிறகு அவளுடைய கட்டில் எனக்கு வந்திருந்தது, அவளுடைய மேஜையும். அதையும் நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அம்மா ஹாலுக்குள் நுழைந்ததும் நேராக இடது பக்கம் போய் சிஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தமிழ்ப் பக்கத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மூத்த மகனைப் பற்றிய பகுதி, தம்பி திரும்பி வந்ததற்காக விருந்து நடக்கும் வீட்டுக்குள் போகமாட்டேன் என்று வெளியே நின்றவன். அன்று பேசியதையெல்லாம் இடது பக்கம் பார்க்காமலே மொழிபெயர்த்தேன். முடிந்த பிறகும் அவர்கள் இருவரும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாவின் மராத்தியில் வினைச்சொல் எல்லாம் ஆண்பாலில் வரும். சிஸ்டர் அதைத் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அம்மா சொதி வைத்தார். தேங்காய்ப் பால் பிழியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது அக்காவுக்குப் பிடித்த குழம்பு. இஞ்சித் துவையல் அரைத்து, எல்லாவற்றையும் டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்து, "கெளம்புங்க. வழி ஒங்களுக்குத் தெரியும்லா," என்றார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார், நானும் கூடக் கிளம்பினேன்.

பிம்ப்ரியில் கதவைத் திறந்தது மாப்பிள்ளை. அக்கா ஆபீசிலிருந்து மதியம்தான் வருவாள். எங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தவர், "யா, ஆயீ," வாங்கம்மா, என்று வழிவிட்டார். அம்மா செருப்பைக் கழற்றி உள்ளே போய், எங்கே போவது என்று தெரியாதவர் போல நேராகச் சமையலறைக்குப் போனார். அங்கே கழுவாமல் கிடந்த இரண்டு தம்ளரைக் கழுவத் தொடங்கினார்.

அக்கா வந்து பார்த்தபோது அம்மா அவளுடைய அடுப்பில் சொதியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். ஓடி வந்து கட்டிக்கொள்வது எதுவும் நடக்கவில்லை. அக்கா ஹேண்ட்பேக்கைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாம்மா?"

"ஆமா," என்றார் அம்மா. "சாப்பிடு. ஆறிடும்."

அக்கா சாப்பிட்டாள். பாதியில் அழுதாள், ஆனால் கோபம் போகவில்லை. அந்த ஈஸ்டருக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வயிற்றில் குழந்தையோடு வந்தாள். என்னிடம் முன்போலச் சிரித்துப் பேச அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. "நீ எனக்கு ஒரு லெட்டராவது போட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் மறுக்கவில்லை.

மறுவருஷம் கோவில் தரை தயாராகி, அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம். நன்றாகப் பதித்த, வழவழவென்ற தரை. ஆனாலும் அந்த ஹாலின் நெரிசலும், தமிழும் மராத்தியும் ஆளுக்கொரு ராகத்தில் சேர்ந்து பாடிய பாட்டும், ஓட்டுக்குக் கீழே டீயோடு வரும் இஞ்சி வாசமும்தான் எனக்கு லெந்து என்றால் இன்றும் நினைவுக்கு வருகின்றன. இப்போது வாகட் பக்கமிருந்து ஐ.டி. பிள்ளைகள் காரில் வருகிறார்கள், சபை பெரிதாகிவிட்டது.

சிஸ்டரை நாங்கள் கடைசியாகப் பார்த்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஸ்டேஷன் பஸ் ஸ்டாண்டில். ரிடையராகி, அகமத்நகரில் தங்கையோடு இருக்கப் போவதாகச் சொன்னார். அம்மா மகனைப் பற்றி விசாரித்தார். போன மழைக்காலத்தில் ஒரு தபால் அட்டை வந்தது என்றார் சிஸ்டர். சூரத் முத்திரை, விலாசம் கிடையாது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்ததாம். புது வீட்டு விலாசத்தைப் பழைய வீட்டுக்காரரிடமும் தபால்காரரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லும்போது அவர் முகம் தெளிவாக இருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்ததும் நான் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன்.